விலைக்கு வாங்கிய எளிமை

அமெரிக்க இதழாளர் டேவிட் புரூக்ஸ் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'போபோஸ் இன் பாரடைஸ்' எனும் நூல், செல்வரின் வசதியையும் கலைஞரின் கட்டற்ற வாழ்வையும் ஒருங்கே விழையும் நகரத்துக் கற்றோரைப் பற்றியது. 'பூர்ஷ்வா', 'பொஹீமியன்' ஆகிய இரு சொற்களின் முதலெழுத்துகள் கூடிப் பிறந்ததே 'போபோ'. ஆடம்பரத்துக்குப் பணம் இறைப்பதை இவர்கள் இழிவென்பர். சமையலறைக்கு அள்ளிக் கொட்டுவதையோ நற்பண்பென்பர் என்று ஆசிரியர் நகையாடுகிறார். தாமும் அவர்களுள் ஒருவரே என ஒப்புக்கொள்ளும் நேர்மை போற்றத்தக்கது. ஆனால், உறவினரைக் கேலி செய்பவர் கண்டிக்கத் தயங்குவதுபோல், இவரும் சிரிப்போடு நின்றுவிட்டார். அவ்வகுப்பார் தம் வாயிலைப் பிறருக்கு அடைத்துக்கொள்வர் என்பதைக் கணிக்கத் தவறியதாக 2021-இல் அவரே எழுத நேர்ந்தது. விலைக்கு வாங்கிய எளிமை எளிமையன்று, செருக்கின் மாற்றுடை. நம் அடுக்களையையும் ஒருமுறை எட்டிப் பார்த்தபின் நகைப்போமாக!