முதல் சொட்டு

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. பக்கத்தில் லூனாஸ், பாடாங் செராய் எனப் பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த ஊர்கள். அங்கிருந்து பூங்காவுக்கு வேலைக்கு வந்த தோட்டத்துப் பிள்ளைகளில் நானும் ஒருவன், நிரல் எழுதுகிறேன்.

பால்மரம் வெட்டும் என் அம்மா, பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு இருட்டோடு நிரைக்குப் போவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். தலைவிளக்கு வெளிச்சத்தில், பழைய வெட்டை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவுவார். ஆழம் போனால் மரம் புண்படும். மேலாகப் போனால் பால் வராது. பால் வெட்டுக்கோட்டில் வழிந்து, மங்குக் கிண்ணத்தில் முதல் சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்கு நகர்வார்.

எனக்கும் அதே கணக்குதான். பெரிய நிரலை ஒரே மூச்சில் திருத்தப் போனால் தலைவலிதான் மிச்சம். பத்து வரி மாற்றுவேன், சோதனையை ஓட்டுவேன். திரையில் சிவப்பு மறைந்து பச்சை எழும் அந்த நொடிதான் என் முதல் சொட்டு. அதற்கப்புறம் ஒரு தே தாரிக்.

சம்பளம் மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். சந்தோஷம் சொட்டுச் சொட்டாகத் தினமும் வரும். மங்கு கவிழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.