பழைய உடைகளைப் பார்க்கும் கலை

லண்டன் நகரத்தில் சவுத் கென்சிங்டன் பகுதியிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குச் செல்பவர்களில் அநேகர், அங்குள்ள உடை மண்டபத்தைக் கால் மணி நேரத்தில் சுற்றிவிட்டு, கண்ணாடிப் பேழைகளுக்குள் அலங்காரமாக நிற்கும் பொம்மைகளைப் பார்த்த திருப்தியோடு, சித்திரங்களையும் சிற்பங்களையும் நாடிப் போய்விடுகிறார்கள். சித்திரத்தை ரசிப்பதற்குப் பயிற்சி வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் நாம், உடையைப் பார்ப்பதற்குக் கண் இருந்தால் போதும் என்று எண்ணிவிடுவதே இதற்குக் காரணம். உண்மையில் சித்திரம் நம் முன் முழுமையாக நிற்கிறது. உடையோ, தன்னை நிறைத்து நின்ற சரீரத்தையும், அந்தச் சரீரத்தின் நடையையும், துணியின் சரசரப்பையும் இழந்து பாதிப் பொருளாக நிற்கிறது. மற்றப் பாதியை நமது கற்பனையால் நிரப்பிக்கொள்வதே இந்த ரசனையின் சாரம்.

உள்ளே நுழைந்ததும், வெளிச்சம் போதவில்லையே என்று குறைப்பட வேண்டாம். பட்டும் சாயமும் ஒளி பட்டு நாளடைவில் சிதைந்துபோகிறவை ஆதலால், இத்தகைய மண்டபங்களில் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவில் மட்டுப்படுத்துவது வழக்கம். கண் பழகும்வரை பொறுத்திருந்து, மண்டபத்தை ஒருமுறை எங்கும் நிற்காமல் சுற்றிவந்து, உள்ளத்தைக் கவரும் மூன்று உடைகளை மட்டும் தேர்ந்துகொண்டு, மற்றவற்றை மறுநாளைக்கென விட்டுவிடுங்கள்.

தேர்ந்த உடையின் முன், அழகாக இருக்கிறதா என்ற கேள்வியை ஒத்திவைத்து, இதை உடுத்தவர் எப்படி உட்கார்ந்தார், எப்படி வாசலைக் கடந்தார் என்று கேளுங்கள். 1740-45 காலத்தில் இங்கிலாந்தில் அரசவைக்குச் செல்லும் சீமாட்டி ஒருத்திக்காகத் தைத்த சிவப்புப் பட்டு உடை ஒன்று இந்த மியூசியத்தின் உடைமை. ஜீவ விருட்சத்தைச் சித்திரிக்கும் அதன் சித்திரத் தையலில் மட்டும் ஏறக்குறைய 10 ராத்தல் வெள்ளி இழை சென்றிருக்கிறது என்று அறியும்போது, இடுப்பின் இருபுறமும் அகன்று விரிந்த அந்தப் பாவாடையைத் தாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடப்பதே ஒரு வித்தையாக இருந்திருக்கும் என்பது விளங்கும். மாறாக, 1947-இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் வெளியிட்ட இடை சிறுத்த சட்டையும் அகன்ற கறுப்புப் பாவாடையும், துணிப் பங்கீடு 1949 வரை நீடித்த இங்கிலாந்திலே ஏக்கத்தையும் கண்டனத்தையும் ஒருங்கே எழுப்பின. மடிப்பு மடிப்பாகத் தாராளமாகச் சென்ற அந்தத் துணியை, பங்கீட்டுச் சீட்டு வைத்திருந்த ஒரு பெண்ணின் கண்ணால் பார்த்தால்தான் அதன் துணிச்சல் தெரியும்.

அடுத்து, முன்புறத்தை விட்டுப் பக்கவாட்டுக்கும் பின்புறத்துக்கும் செல்லுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் தையல் கூலியைவிடப் பட்டின் விலை மிக அதிகம். ஆகையால் தாயின் உடையைப் பிரித்து, புதிய மோஸ்தருக்கு ஏற்ப மகளுக்குத் தைத்துக்கொடுப்பது சாதாரணம். பழைய ஊசித் துளைகளும், வெளுக்காமல் தப்பிய மடிப்புக் கோடுகளும், ஒட்டுப்போட்ட துண்டுகளும் அந்த இரண்டாம் ஜன்மத்துக்குச் சாட்சி சொல்லும்.

பூவும் கொடியும் படர்ந்த பருத்தி உடை ஒன்று கண்ணில் பட்டால், நம்மவர் சற்று அதிக நேரம் நிற்பது நியாயம். அத்தகைய துணிகளில் பல சோழமண்டலக் கரையில் பிறந்தவை. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியிலே கலம் என்னும் எழுதுகோல் கொண்டு கோடிழுத்து, படிகாரம் தடவிய இடங்களில் சாயவேரால் சிவப்பேற்றி, மெழுகால் மறைத்த இடங்களை விட்டு மற்ற இடங்களுக்கு அவுரியால் நீலமூட்டி உண்டாக்கிய அந்த வர்ணங்கள், எத்தனை முறை துவைத்தாலும் மங்காமல் ஐரோப்பியரை வியக்கவைத்தன. அவற்றின் மோகத்தால் தங்கள் தொழில் நசிக்கிறது என்று உள்ளூர் நெசவாளர் கிளர்ச்சி செய்யவே, பிரான்ஸ் 1686-இல் அவற்றைத் தடுத்தது. இங்கிலாந்தோ 1721-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுப்பதையே குற்றமாக்கியது. ஒரு பாவாடையின் ஓரத்திலே கடல் வாணிபமும் ராஜாங்கச் சட்டமும் கைவினைஞரின் சாமர்த்தியமும் இவ்வாறு பின்னிக்கிடக்கின்றன.

கடைசியாக, அங்கே இல்லாதவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளி இழை உடையை மடித்துப் பேணிய பணிப்பெண் என்ன உடுத்தினாள் என்பதைக் காட்டும் பேழை அரிது. உழைப்பவரின் உடை நைந்து கந்தலாகும்வரை உழைத்தது, கந்தலும் காகிதம் செய்வோருக்கு விலையாகிப் போயிற்று. ஆகவே, நாம் காண்பது ஒரு தேசத்தார் உடுத்தவை அனைத்தும் அல்ல, செல்வரின் பெட்டிகளில் பத்திரப்பட்டுத் தப்பியவையே என்பதை மனத்தில் இருத்தினால், அவற்றின் நேர்த்தியைத் தாராளமாகப் புகழவும் செய்யலாம், அதைக்கொண்டு ஒரு காலத்தையே அளந்துவிடும் அவசரத்திலிருந்து தப்பவும் செய்யலாம்.