ஏறுதலும் அநுகாரமும்: திருவாய்மொழி 5.6 பற்றிய ஓர் ஆய்வு

தோல் பதனிடும் தொழிலால் அறியப்பெறும் வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்திலேயே திருக்கடிகை என்னும் சோளிங்கரும் உள்ளது. பேய் பிடித்தவர், சித்தம் கலங்கியவர் எனக் கருதப்படுவோரை உறவினர் அங்கே தக்கான் குளத்தில் நீராட்டி, சிறிய மலையில் யோக ஆஞ்சநேயர் திருமுன்பு கொண்டு சேர்க்கின்றனர். ‘நான்’ என்று இப்போது பேசுவது யார் என்பதே அவர்களை வாட்டும் கேள்வி. பேய்க்கதைகளுக்குக் கருவாவதும் அதுவே.

திருவாய்மொழி ஐந்தாம் பத்து ஆறாம் திருவாய்மொழியில் திருத்தாயாருக்கும் இதே கலக்கம். கடல்சூழ் உலகைப் படைத்ததும் இடந்ததும் தானே என்கிறாள் மகள். ஈசன் வந்து ஏறினானோ என்று ஐயுறுகிறாள் தாய். ‘சாமி ஏறியது’ என்னும் உலகவழக்கின் சொல்லே அது. இதுகொண்டு, ஆழ்வார் தம்மை இழந்து இறைவனேயாயினார் என்பாரும் உளர்.

பூர்வாசார்யர்கள் அவ்வாறு கொண்டிலர். ஈடு இதனை அநுகாரம் என்கிறது. கண்ணனைப் பிரிந்த ஆய்ச்சியர் அவன் செயல்களைத் தாம் செய்து தரித்தமையை ஸ்ரீவிஷ்ணு புராணம் கூறும், இதுவும் அத்தகையதே. ஆவேசத்தில் புகுந்தவன் பேச, இருந்தவன் மறைகிறான். அநுகாரத்திலோ பிரிவாற்றாதவள் மறைவதில்லை. அவள் மறைந்தால் பிரிவும் இல்லை.

மூலமும் இதற்குச் சான்று. ‘யானே’ என்பதைத் தொடர்ந்து ‘என்னும்’ என்று வருதலால், சொல்பவள் வேறாகவே நிற்கிறாள். உலகைப் படைத்தது தானே என்ற அத்திருவாய்மொழியின் முடிவில், சடகோபர் குற்றேவல் செய்து பாடியதாகவே முத்திரை விழுகிறது. பயனும் இறைவனாதல் அன்று, திருமாலடியாரைப் பூசித்தலே. அடுத்த திருவாய்மொழியோ நோன்பும் நுண்ணறிவும் இல்லாத தம் வெறுமையைச் சொல்லியே தொடங்குகிறது.

ஆன்மாவின் ஸ்வரூபத்தை அறிவு கொண்டு நிரூபிப்பதா, அடிமை கொண்டு நிரூபிப்பதா என்ற ஐயத்துக்குத் திருக்கோட்டியூர் நம்பி கூரத்தாழ்வானிடம் அருளிய விடையும் இங்கே நினைக்கத்தக்கது. எட்டாம் பத்தில் ‘நான்’ என்னவேண்டிய இடத்தில் ஆழ்வார் ‘அடியேன்’ என்றதையே நம்பி காட்டினார். அடிமையே ‘நான்’ என்பதன் பொருளாயின், அவன் எவ்வளவு நெருங்கினும் அது அழியாது, மேலும் விளங்கும்.

ஆதலின் நான்காம் பத்தில் வெறியாட்டை விலக்கும் தோழி, அணங்கை ஓட்டக் கள்ளும் இறைச்சியும் வேண்டா, மாயன் அடியார்தம் அடிப்பொடியே மருந்து என்கிறாள். ஒருவரை வெறுமையாக்கும் மருந்தன்று அது. அவர் யாருடையவர் என்பதை நினைவூட்டுவது. கடிகைக் குன்றின் படிகளில் காத்திருக்கும் தாயர் வேண்டுவதும், தம் மக்கள் பழைய பெயருக்கு மறுமொழி தரவேண்டும் என்பதேயன்றோ!