கரிசல் வழக்கும் அகராதிப் பொருளும்

ஒரு தொடரில் உள்ள சொற்கள் அனைத்தின் பொருளையும் அறிந்தவிடத்தும் அத்தொடரின் பொருள் விளங்காது நிற்றல் உண்டு. அத்தகைய மரபுத்தொடர்களுக்கு அகராதி எத்துணை உதவும் என்பதனைக் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்து வழக்குகள் சிலவற்றைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

தொல்காப்பியர் திசைச்சொல்லைச் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக ஏற்றார். நன்னூலார் குழூஉக்குறியைத் தகுதி வழக்கினுள் அடக்கினார். ஆகவே வட்டார வழக்கினைக் கொச்சையென்று ஒதுக்குதல் நம் இலக்கண மரபன்று. இம்மரபிற்கு நம் காலத்தில் ஆக்கம் தேடியவர், இடைசெவலில் பிறந்து உழவராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய கி. ராஜநாராயணன். அவர் தொகுத்து 1982இல் வெளிவந்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி, பின்வந்த கொங்கு, நடுநாட்டு அகராதிகளுக்கு முன்னோடியாகும்.

எனினும் அகராதி என்னும் வடிவிற்கே ஓர் எல்லை உண்டு. 'சம்சாரி' என்பது பொதுவழக்கில் இல்லறத்தானைக் குறிக்கும். கரிசலில் உழவனைக் குறிக்கும். இவ்வேறுபாட்டினை அகராதி ஒரு வரியில் உணர்த்திவிடும். 'சோலி' என்பதற்கு வேலை என்று பொருள் எழுதுதலும் எளிதே. ஆனால் 'சோலி முடிந்தது' என்னும் தொடரோ அவ்வாறு அடங்குவதன்று. களையெடுத்துக் கரையேறியவள் கூறின் அது பணிநிறைவு. ஒருவன் வீழ்ச்சியைக் கேட்டவர் கூறின் அது அழிவு அல்லது இறப்பு. சொல் ஒன்றே, பொருளை வரையறுப்பது கூறுவோரும் இடமுமே.

'பருத்தி புடவையாய்க் காய்த்தது' என்பது தமிழகம் எங்கும் வழங்கும் பழமொழி. உழைப்பின்றி வந்த முழுப்பயன் என்பது அதன் பொருள். ஆயின் மானாவாரிப் பருத்தியை விதைத்து, மழைக்கு ஏங்கி, வெடித்த காயைப் பறித்து, கொட்டை நீக்கி, நூற்று, நெய்யும் நெடுவழியை அறிந்தார்க்கே அதிலுள்ள வியப்பும் எள்ளலும் புலனாகும்.

அகராதி தராத இச்சூழலைக் கி. ரா. தம் கதைகளில் தந்துள்ளார். 1991ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி பரிசினைப் பெற்ற 'கோபல்லபுரத்து மக்கள்' இதற்குச் சான்று. ஆதலின் அவர்தம் அகராதியையும் புனைகதைகளையும் ஒன்றற்கு ஒன்று உரையாகக் கொண்டு பயிலுதல் வேண்டும்.

வட்டாரச் சொற்களைத் தொகுக்கப் புகும் மாணவர், சொல்லும் பொருளும் மட்டும் குறித்து அமைதல் போதாது. யார், யாரிடம், எந்நிலையில் கூறினர் என்பதனையும் உடன் குறித்தல் வேண்டும். தொழில் மாறின் வழக்கும் மாறும். கூறுவோர் மறைந்தபின் சூழலை மீட்டெடுத்தல் அரிது. அஞ்ஞான்று எஞ்சுவன சொற்கள் அல்ல, சொற்பட்டியலே என்க.