மே மாதத்தில் திறக்க வேண்டிய தோட்டங்கள்

மார்கழியில் திருவண்ணாமலையின் ரமணாசிரமம் பகுதிக்கு வந்து இறங்குகிறவருக்கு அந்த ஊரில் வறட்சி உண்டு என்பதே தெரியாது. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். செங்கம் சாலையை ஒட்டிய சந்துகளில் காகிதப்பூ மதிலைத் தாண்டித் தொங்கும். மலை பச்சையாக நிற்கும். ரமண ஜயந்தியை ஒட்டி வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அன்பர்கள் வந்து தங்குவதும் இந்த மாதங்களில்தான். அவர்களே அக்கினி நட்சத்திரத்தில் வந்தால் வேறோர் ஊரைப் பார்ப்பார்கள். மலைச்சரிவில் புல் காய்ந்து கிடக்கும். தீப்பிடித்த இடங்கள் கருத்திருக்கும். தெருவில் தண்ணீர் லாரி நிற்கும். சில மதில்களுக்குள் மட்டும் பச்சை குறையாமல் இருக்கும்.

அந்த மதில்களுக்குள் எப்படிச் செடி பிழைக்கிறது, யார் உழைப்பில், எந்தத் தண்ணீரில்? இதை அறிந்துகொள்ளச் செடி வளர்ப்போர் கண்ட நல்ல வழி, கூட்டமாகப் போய் ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்ப்பது. உலகின் பல ஊர்களில் தாவரச் சங்கங்கள் இதைத் திட்டமிட்டு நடத்துகின்றன. திருவண்ணாமலை போன்ற வறண்ட கோயில் நகரத்துக்கு இந்தப் பழக்கம் எவ்வளவு பயன்படும், எங்கே கெடுதல் செய்யும் என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழக்கத்தின் பெரிய முன்மாதிரி இங்கிலாந்தில் இருக்கிறது. 1927-இல் அங்கே 609 தனியார் தோட்டங்கள் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. வசூலான 8,000 பவுனுக்கும் மேற்பட்ட தொகை, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்த்த செவிலியருக்குப் போனது. ‘நேஷனல் கார்டன் ஸ்கீம்’ என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. திறக்கும் தோட்டங்கள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன. பணக்காரரின் மதிற்கதவு ஏழை நோயாளிக்காகத் திறந்தது என்பதே அதன் சிறப்பு. தமிழ்நாட்டில் வரலாறு வேறு மாதிரி போயிற்று. சென்னையில் 1835-இலேயே வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. ஊட்டி மலர்க் கண்காட்சி 1896-இல் தொடங்கியது. அதையொட்டி நடுவர்கள் தனியார் தோட்டங்களுக்குப் போய் மதிப்பெண் போடும் போட்டியும் வளர்ந்தது. அந்தப் போட்டி பூவின் அளவையும் புல்தரையின் ஒழுங்கையும் பரிசாக்கியது. அண்மையில் மாடித்தோட்டக் குழுக்கள் வேறு பாதையைப் பிடித்திருக்கின்றன. யாராவது ஒருவரின் மொட்டைமாடியில் கூடி, விதை மாற்றி, தோற்ற கதையையும் சேர்த்துப் பேசுகிறார்கள். ரமணாசிரமம் பகுதிக்கு ஊட்டியின் நடுவரைவிட இந்த மாடிக் கூட்டமே நெருக்கமானது.

ஏனென்றால் இங்கே தோட்டம் போடுகிறவருக்குத் தேவையான அறிவு பெரும்பாலும் அச்சில் இல்லை. மாநிலம் முழுவதற்கும் எழுதப்பட்ட கையேட்டில் மலையிலிருந்து இறங்கும் குரங்குக் கூட்டத்துக்குப் பக்கம் ஒதுக்கியிருக்காது. பப்பாளி பழுக்கும் நாளில் குரங்கு வந்தால் என்ன செய்வது, மயில் கிளறாமல் கீரைப் பாத்தியை எப்படிக் காப்பது, சரளை மண்ணில் எத்தனை அடி குழி எடுத்தால் மரம் பிடிக்கும், குளியலறைத் தண்ணீரை வாழைக்கு எப்படித் திருப்புவது என்பதெல்லாம் நான்கு வீடு தள்ளி இருப்பவருக்குத் தெரிந்திருக்கும். மதில் இருப்பதால் அது தெருவுக்கு வருவதில்லை. ஒரு காலை நேர உலா அதை வெளியே கொண்டுவருகிறது. செடி மனிதரை நெருங்க வைக்கும் என்பதும் உண்மை. ஆசிரமத்துக்காக வந்து குடியேறியவரும் தலைமுறையாக இங்கே வாழ்பவரும் வணக்கத்தோடு நின்றுவிடும் ஊரில், ஒரு முருங்கைப் போத்து அவர்களை அரைமணி நேரம் பேச வைக்கும்.

இனிக் குறைகள். முதல் குறை நாள் குறிப்பதிலேயே இருக்கிறது. எந்த ஊரிலும் உலா பூக்கும் பருவத்தில்தான் நடக்கும். இங்கே என்றால் தை மாதம். எல்லாம் நன்றாக இருக்கும் மாதத்தில் எல்லாத் தோட்டமும் நல்ல தோட்டமே. ஆழ்துளைக் கிணற்றை நாள் முழுக்க ஓட்டிப் பராமரித்த புல்தரைக்கும், மழைநீரை மட்டும் நம்பி நிற்கும் உசிலை, வெப்பாலை, காட்டு எலுமிச்சைத் தோப்புக்கும் தையில் வித்தியாசம் தெரியாது. மே மாதம் தெரிந்துவிடும். பார்வையாளர் கைதட்டுவதைப் பார்த்து அடுத்த வீட்டாரும் புல்தரை போட்டால், பாராட்டே நிலத்தடி நீரை இறக்கும் காரணமாகிவிடும்.

இரண்டாவது குறை மிகவும் கவலைக்குரியது. எந்த உலாவும் கையில் ஒரு போத்து இல்லாமல் முடிவதில்லை. அந்த அன்பளிப்போடு பூச்சியும் பயணம் செய்கிறது. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளை நிலைகுலையச் செய்தது. உடல்மேல் உள்ள மெழுகுப் படலத்தால் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் கொண்டுவரப்பட்ட பிறகே அது அடங்கியது. அந்தப் பூச்சிக்குப் பிடித்த வீட்டுச் செடிகளில் ஒன்று செம்பருத்தி. தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி கைமாறும் போத்துகளில் அதுவும் ஒன்று. வாங்கிய போத்தை மற்றச் செடிகளிலிருந்து விலக்கித் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்து, இலையின் அடிப்புறத்தைப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது என்ற ஒரு விதியைச் சங்கங்கள் கட்டாயமாக்கலாம். செலவில்லாத விதி இது.

செடியே பூச்சியைப் போலக் கெடுதல் செய்வதும் உண்டு. காடுகளில் களையாகப் பரவிவிட்ட உண்ணிச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு அழகுச் செடியாகத்தான் வந்தது. நிழலுக்கும் மஞ்சள் பூவுக்கும் நட்ட சென்னா ஸ்பெக்டபிலிஸ் மரத்தை இன்று முதுமலைப் பகுதியில் அரசே வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. ரமணாசிரமத்தின் கொல்லைப்புறத்திலிருந்தே மலை ஏறத் தொடங்குகிறது. மதிலுக்குள் விதைக்கிற ஒரு புதுச் செடியைப் பறவை ஒரே நாளில் சரிவில் போட்டுவிடும்.

அந்தச் சரிவைப் பச்சையாக்க எத்தனை பேர் உழைத்தார்கள் என்பதை இங்கே நினைக்க வேண்டும். 1988-இல் அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கம் தொடங்கியது. பெரிய கோயிலின் உள்மதிலுக்கும் வெளிமதிலுக்கும் இடையே வெறுமையாகக் கிடந்த நிலத்தில் நாற்றங்கால் அமைந்தது. பின்னர் ‘தி ஃபாரஸ்ட் வே’ அமைப்பு இந்த மண்ணின் உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களைத் தேடி விதை சேர்த்து வளர்த்தது; கோடையில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி மரக்கன்றுகளைக் காத்தது. தோட்ட உலா நடத்துகிறவர்கள் இந்த உழைப்போடு தங்களை இணைத்துக்கொள்ளாவிட்டால், கீழே நடுகிறவர்களும் மேலே நடுகிறவர்களும் ஒருவருக்கொருவர் எதிராக வேலை செய்ய நேரும்.

உலாவில் யார் பேசுகிறார் என்பதையும் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் முன்னால் நின்று விளக்குவார். குழி வெட்டி, உரம் போட்டு, கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றியவர் குழாயைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். எந்தச் செடி ஏன் செத்தது என்று உண்மையாகத் தெரிந்தவர் அவர். அவரைப் பேசவைத்து, அவர் பெயரையும் சொல்லி, அன்றைய நேரத்துக்குக் கூலியும் கொடுக்கும் சங்கமே நேர்மையான சங்கம். அதுபோலவே, வாயிற்கதவு உள்ள வீடு மட்டும்தான் தோட்டம் என்ற எண்ணமும் தவறு. அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு சிறு வீட்டின் முன்னே துளசி, கறிவேப்பிலை, முருங்கை, பந்தலில் அவரை என்று நிற்பதும் தோட்டமே. பாத்திரம் கழுவிய தண்ணீரில் அது மே மாதத்திலும் காய்த்தால், பார்க்க வேண்டிய முதல் தோட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

படம் எடுப்பது, கேட்காமல் கிள்ளுவது போன்ற சில்லறைத் தொல்லைகளை ஓர் அறிவிப்புப் பலகை தீர்த்துவிடும். கிள்ளுவதைப் பற்றி மட்டும் இந்த ஊருக்கென ஒரு நினைவு உண்டு. மாமரத்தைக் கழியால் அடித்து, பழத்தோடு இலைகளையும் உதிர்த்தவர்களை ரமணர் கடிந்துகொண்டதை ஆசிரம நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன.

இவ்வளவையும் கணக்கில் எடுத்தால் உலா வேண்டாம் என்ற முடிவு வராது. அதன் நாட்காட்டியை மாற்ற வேண்டும் என்ற முடிவே வரும். முதல் உலா மே மாதத்தில், விடிகாலை ஆறு மணிக்கு. ஒவ்வொரு வீட்டிலும் முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை குடம். செத்த செடிகளையும் காட்ட வேண்டும். ஆடியில் விதை மாற்றும் கூட்டம். புரட்டாசியில், மழைக்கு முன்னால், மகிழம், இலுப்பை, நாவல் கன்றுகளை நாற்றங்காலிலிருந்து வாங்கிப் பகிர்வது. தையில் மறுபடி அதே வீடுகளுக்குப் போனால், மே மாதத்தில் எழுதி வைத்த குறிப்புகளோடு ஒப்பிட்டு, எது மழையால் வந்த பச்சை, எது கிணற்றால் வந்த பச்சை என்று உறுப்பினர்களே பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.