சாவித்திரியின் தோளில் ஒரு கடோத்கஜன்

மாயமந்திரப் படம் என்றாலும் சரி, விஞ்ஞானக் கற்பனைப் படம் என்றாலும் சரி, எனக்குக் கொஞ்சம் பித்துதான். பூதம் வந்தாலும் பார்ப்பேன், ரோபோ வந்தாலும் பார்ப்பேன். நன்றாக இல்லை என்று ஊரே சொன்ன படத்திலும் ஏதாவது ஒரு நிமிஷம் தேறும் என்று நம்பிப் போய் உட்காருகிற ஜாதி. ஆனால் எத்தனை பார்த்தாலும், மனசு கடைசியில் போய் இளைப்பாறுவது 1957-இல் கே.வி. ரெட்டி இயக்கிய 'மாயா பஜார்' படத்தில்தான். விஜயா புரொடக்‌ஷன்ஸ் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படம். வடபழனியில் வாஹினி ஸ்டூடியோவின் கூரைக்கடியில் ஒரு துவாரகையே எழுந்து நின்ற படம். கதை உங்களுக்குத் தெரியும். அதனால் கதையை விட்டுவிட்டு, சில நுணுக்கங்களிடம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கலாம், வாருங்கள்.

முதலில், வத்சலாவாக நடித்த சாவித்திரி. பலராமன் மகள் வத்சலாவை துரியோதனன் மகன் லக்கணனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அவள் மனமோ அபிமன்யுவிடம். காதலர்களைச் சேர்த்துவைக்க வந்த கடோத்கஜன், வத்சலாவைக் காட்டுக்குக் கடத்திக்கொண்டுபோய்விட்டு, அவள் உருவத்தில் தானே அந்தப்புரத்தில் குடியேறிவிடுகிறான். இனி திரையில் இருப்பது வத்சலாவின் முகம், உள்ளே இருப்பது ராட்சசன். இதைக் காட்ட கேமராவின் உதவியே வேண்டாம் என்று இயக்குநர் முடிவு செய்தாரே, அந்தத் துணிச்சலை முதலில் வணங்க வேண்டும். எல்லாப் பாரத்தையும் தூக்கி, இருபதைத் தாண்டியிருந்த ஒரு பெண்ணின் தோளில் வைத்துவிட்டார்.

அந்தத் தோளைக் கவனியுங்கள். அதுவரை பூங்கொடியாய்த் துவண்டிருந்த தோள், தோழிகள் அகன்ற மறுகணம் அகலமாகிறது. முகவாய் உயர்கிறது. கைகள் உடம்பை விட்டு விலகி வீசத் தொடங்குகின்றன. நடையில் ஒரு அதிகாரமான தடதடப்பு. யாரோ வரும் அரவம் கேட்டதும் அத்தனையும் அரை நொடியில் சுருண்டு உள்ளே போய்விட, பழைய வத்சலா நாணிக் கண் கவிழ்கிறாள். அந்த நாணத்தில்தான் உச்சகட்ட அழகு இருக்கிறது. அது வத்சலாவின் நாணம் இல்லை. நாணம் எப்படியிருக்கும் என்று கடோத்கஜன் நினைத்துக்கொண்டிருக்கிறானோ, அந்த நாணம். ஒரு சிட்டிகை கூடுதல். புருவம் தேவைக்கு மேல் ஒரு நூல் தூக்கல். பாட்டில்கூடப் பெண்குரலுக்கு நடுவே முரட்டு ஆண்குரல் ஒன்று எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிடும். அதற்கும் அந்த முகம் ஈடுகொடுக்கிறது.

இன்னும் ஒரு அடுக்கு இருக்கிறது. அவர் காட்டுவது பொதுவான ஒரு ராட்சசனை அல்ல. எஸ்.வி. ரங்காராவ் நடித்துக்காட்டிய அந்தக் குறிப்பிட்ட கடோத்கஜனை. மார்பை முன்னே விட்டுப் பின்னால் வருகிற அந்த நடை, குழந்தைத்தனம் கலந்த அந்தச் செருக்கு, சிரிப்பை அடிவயிற்றிலிருந்து எடுக்கிற அந்த விதம், எல்லாமே ரங்காராவிடமிருந்து கடன் வாங்கியவை. வத்சலாவாக நடிக்கும் கடோத்கஜனாக நடிக்கும் ரங்காராவாக நடிக்கும் சாவித்திரி! எழுதும்போதே மூச்சு வாங்குகிறது. அவரோ மூச்சு வாங்காமல் செய்துவிட்டுப் போகிறார்.

அந்த ரங்காராவுக்கு வருவோம். கல்யாண வீட்டுச் சமையலை அவர் ஒற்றை ஆளாய்க் காலி செய்கிற காட்சியை அறியாத தமிழ் வீடு கிடையாது. திருச்சி லோகநாதனின் குரலில் 'கல்யாண சமையல் சாதம்' அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மயிலாப்பூர் மண்டபங்களில் பந்தி நேரத்தில் நாதஸ்வரக்காரர் அதை எடுத்தால் பரிமாறுகிறவர் கையிலும் ஒரு துள்ளல் வந்துவிடும். அதில் வரும் தாளம் தப்பாத சிரிப்புக்கு, ஆங்கிலேயப் பாடகர் சார்லஸ் பென்ரோஸ் 1922-இல் பதிவு செய்த ஒரு சிரிப்புப் பாட்டு வரைக்கும் வம்சாவளி சொல்வார்கள். எங்கிருந்தோ கிளம்பி, நாடக மேடையும் இசைத்தட்டும் கடந்து வந்து, கடைசியில் ஒரு ராட்சசன் தொண்டையில் அது தன் சொந்த வீட்டைக் கண்டுகொண்டது.

எல்லோரும் வியப்பது லட்டுகள் தாமாக எழும்பி அவர் வாய்க்குள் பாய்வதை. நான் சொல்ல வருவது அந்த வாயைப் பற்றி. லட்டு எங்கே இருக்கிறது என்று அவர் பார்ப்பதேயில்லை. வாயைத் திறக்கிறார், வருகிறது, மூடுகிறார். பெரிய மனிதர்களுக்குக் காரியங்கள் தானாக நடக்கும் என்கிற ராஜ அலட்சியம் அது. ஆனால் உள்ளே போனதும் கண்ணில் ஒரு பால்மணம் மாறாத பூரிப்பு மின்னுகிறது பாருங்கள், அங்கேதான் அரக்கன் நமக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுகிறான். பந்திக்கு முந்துகிற பெரியப்பா ஒருவர் இல்லாத குடும்பம் உண்டா?

படத்தில் ஒரு பெட்டி வருகிறது. பெயர் பிரியதர்சினி. மூடியைத் திறந்து பார்க்கிறவருக்கு எதன்மேல் பிரியம் அதிகமோ அது உள்ளே தெரியும். வத்சலா திறந்தால் அபிமன்யு. அவனோடு பேசலாம், பாடலாம். இன்று பாட்டியும் அமெரிக்கப் பேரனும் அடையாறு வீட்டுக் கூடத்தில் செய்வதை, 1957-இல் சாவித்திரியும் ஜெமினி கணேசனும் செய்துகொண்டிருந்தார்கள். இந்த முன்னறிவைச் சொல்லித்தான் பலரும் பெட்டியைப் புகழ்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். பெட்டியைக் கிருஷ்ணன் பார்க்கிற இடம் இருக்கிறதே, அதுதான் நயம். ருக்மிணியா, வேறு யாருமா என்று சுற்றி நிற்பவர்கள் ஆவலாய் எட்டிப்பார்க்க, உள்ளே தெரிவது சகுனி! கையில் பகடை! தமிழில் நம்பியார். பிரியம் என்பதற்குள் பகையும் ஒரு அறை வாங்கிக் குடியிருக்கிறது என்று வசனமே இல்லாமல் சொல்லிவிட்டார்கள். அதைக் கண்டு கிருஷ்ணனாக வரும் என்.டி. ராமராவ் இதழோரத்தில் ஒரு புன்னகையை வைக்கிறார், அவ்வளவுதான். பாரதப் போர் அந்தப் புன்னகையில் தொடங்கிவிட்டது.

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று யாரும் விளக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்போதைய படங்களில் யாராவது கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்தாமல் விடுவதில்லை. எனக்கு அதில் கொட்டாவி வரும்.

அப்புறம் அந்த நிலா. படகுப் பாட்டைப் பார்க்காதவர்கள் பாக்கியம் குறைந்தவர்கள். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. கே.வி. ரெட்டியின் 'பாதாள பைரவி'யும் (1951), பின்னாளில் 'செம்மீ'னும் (1965) அவர் கண் வழியாக வந்தவைதான். இங்கே அவர் நிலவொளியையே தயாரித்தார். விளக்கும் நிழலும் கொண்டு சமைத்த அந்த வெளிச்சம் தண்ணீரில் உடைந்து உடைந்து சேர்கிறது. வத்சலாவின் கன்னத்தில் தங்கி, துடுப்பு அசையும்போது நழுவுகிறது. இளையவர்களின் காதலுக்காகப் பிறந்த அந்த ராத்திரி, அவர்களோடு முடிந்துவிடாமல், கிருஷ்ணனையும் சந்தியா நடித்த ருக்மிணியையும் படகில் ஏற்றிக்கொள்கிறது, பலராமனையும் ரேவதியையும்கூட விட்டுவைக்கவில்லை. மூத்த தம்பதிக்கும் அதே மென்மையான வெளிச்சத்தைக் கொடுத்திருக்கிறார் பார்ட்லி, ஓரவஞ்சனை இல்லாமல். தெலுங்கு வடிவத்துக்கு 2010-இல் வண்ணம் பூசி வெளியிட்டார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த வெள்ளிக்கு மேல் எந்த நிறத்தைப் பூசினாலும் அது நஷ்டம் என்பது என் கட்சி.

இப்படிச் சொல்வதால் பழசே உசத்தி என்று பேசுகிறவன் என்று நினைக்க வேண்டாம். வண்ணம் பூசிய அதே 2010-இல்தான் ஷங்கரின் 'எந்திரன்' வந்தது. அதில் நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உருண்டையாகவும் பாம்பாகவும் மாறுவதை மறந்துவிட்டேன் என்றே சொல்லலாம். மறக்காதது ஒரு ஆட்டுச் சத்தம். ரோபோக்களின் நடுவே வேஷம் போட்டு ஒளிந்து நிற்கும் விஞ்ஞானி வசீகரனைத் தேடிவரும் சிட்டி, அவனைக் கருப்பு ஆடாகப் பாவித்துத் தன் கழுத்தை ஒடித்து 'மே' என்று கத்துகிறதே, அந்த நொடி! முதுகுத்தண்டு சில்லிட்டுச் சிரிப்பும் வருகிறது. ரஜினிகாந்தின் தொண்டையும் கழுத்தும் செய்த வேலை அது. சாவித்திரியின் தோளுக்கு நேர் வாரிசு என்று நான் அடித்துச் சொல்வேன். ஆர். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015) படத்தில் கையில் கால இயந்திரம் கிடைத்த பையன்கள், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் ஜோசியக் கடை போடுவார்கள். அந்தக் குறும்பும் நம்ம ஊருக்கே உரியது. வேறு எந்த தேசத்தில் கால இயந்திரத்தை ஜாதகக் கட்டோடு சேர்த்து வைப்பார்கள்?

மாயா பஜாருக்கே திரும்புவோம். தி.நகரில் ஹபிபுல்லா சாலையில் சாவித்திரியின் வீடு இருந்தது. பஸ்லுல்லா சாலையில் என்.டி.ஆர். வீடு. துவாரகையும் அஸ்தினாபுரமும் குடியிருந்தது இந்தத் தெருக்களில்தான். வாஹினி இருந்த ஆற்காடு சாலை வளாகத்தில் இப்போது வணிக வளாகமும் விஜயா மருத்துவமனையும் இருக்கின்றன. மாயா பஜார் என்ற பேருக்கு வணிக வளாகம் அவ்வளவாகப் பொருந்தாமலும் இல்லை.

படம் இணையத்தில் இரண்டு மொழியிலும் கிடைக்கிறது. தெலுங்கில் பார்த்தவர்கள் அதுதான் உசத்தி என்று சத்தியம் செய்வார்கள், செய்யட்டும். நீங்கள் தமிழிலேயே பாருங்கள். மணமகன் லக்கணனாக கே.ஏ. தங்கவேலு இருக்கிறார். கட்டிக்கொள்ளப் போகிற பெண் தன்னை ஏன் இப்படி மிரட்டுகிறாள் என்று புரியாமல் அவர் விழிக்கிற விழி தெலுங்கில் கிடைக்காது.