நிறமாலை ஒளிமானி அளப்பது எதனை? ‘உட்கவர்தல்’ என்னும் கலைச்சொல் குறித்த ஒரு திறனாய்வு

வேதியியல் மாதிரிகள் ஒளியை உட்கவர்வதை அளக்கும் கருவியே நிறமாலை ஒளிமானி எனப் பொதுவாக வரையறுப்பர். இவ்வரையறை முழுமையானதன்று என்பதும், அதன் குறையைத் தமிழ்க் கலைச்சொல் வழக்கு மேலும் மறைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கருவியின் உணரி அறிவது மாதிரியைக் கடந்துவரும் ஒளியை மட்டுமே. படும் ஒளியின் செறிவைக் கடந்த ஒளியின் செறிவால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தின் 10 அடிமான மடக்கையே அளவீடாகிறது. 10 விழுக்காடு ஒளி கடந்தால் அளவீடு 1. 1 விழுக்காடு கடந்தால் 2. கடவாத ஒளி முழுவதும் உட்கவரப்பட்டது என்பது நாம் கொள்ளும் முடிவேயன்றிக் கருவி கண்டதன்று.

சில துளிப் பால் கலந்த நீர் இதற்குத் தக்க சான்று. அது கட்புலனாகும் ஒளியை மிகச் சிறிதே உட்கவர்கிறது, பெரும்பாலும் சிதறடிக்கிறது. எனினும் கருவி உயர்ந்த எண்ணையே காட்டும். பாக்டீரியா வளர்ச்சியை 600 நானோமீட்டரில் அளக்கும்போதும் நிகழ்வது பெரும்பாலும் சிதறலே. மாறாக, கருவிக்குள் 0.1 விழுக்காடு வேற்றொளி புகுந்தால், 3 எனக் காட்டவேண்டிய மாதிரி ஏறத்தாழ 2.7 எனவே காட்டும். முன்னதில் எண் மிகுகிறது, பின்னதில் குறைகிறது.

பூகே (1729), லாம்பர்ட் (1760), பீர் (1852) ஆகியோர் வழி உருவான விதி, ஒற்றை அலைநீள ஒளிக்கும் தெளிந்த நீர்த்த கரைசலுக்குமே செவ்வனே பொருந்தும். 1941இல் வெளிவந்த பெக்மன் டி.யூ. போன்ற கருவிகள் அளத்தலை எளிதாக்கின. எண் எளிதில் கிடைக்கும்போது அதன் நிபந்தனைகள் மறக்கப்படுதல் இயல்பு.

இங்குத்தான் சொல்லின் பொறுப்பு எழுகிறது. தமிழில் ‘உட்கவர்தல்’ என்ற ஒரே சொல் பலவிடத்தும் நிகழ்வையும் எண்ணையும் சேர்த்தே சுட்டுகிறது. ஆங்கிலத்தில் அப்சார்ப்ஷன் நிகழ்வு; அப்சார்பன்ஸ் எண். சிதறல் மிக்க இடங்களுக்கு அட்டெனுவன்ஸ் என்ற சொல்லும் வேதியியலாரின் பன்னாட்டு வழக்கில் உண்டு. இவற்றுக்கு முறையே உட்கவர்தல், உட்கவர்வெண், ஒளிக்குறைவெண் என ஆளலாம்.

சொற்பெருக்கம் மாணவர்க்குச் சுமையாகும் எனச் சிலர் கருதலாம். ஆயின், கலங்கிய கரைசலின் எண்ணைச் செறிவாக மாற்றி ஆய்வேட்டில் பதிவுசெய்யும் பிழை அதனினும் பெருஞ்சுமை. ‘ஒளிக்குறைவெண்’ என எழுதும் மாணவர், ஒளி எதனால் குறைந்தது என்று வினவாமல் அடுத்த வரிக்குச் செல்லல் அரிது.